குழாயை ஏன் திறந்து வைக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 41. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 12. கால் எலும்பு முறிந்து தேறி வரும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். ஆறு மாதமாகப் பல நாட்கள் கண் விழிக்கும்போதே களைத்துப் போய்விடுகிறேன். ஒரே வரியை நான்கு முறை படிக்கிறேன். அலமாரியைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். மகன் சாதாரணமாக ஏதாவது கேட்டாலும் எரிந்து விழுகிறேன். பிறகு இரவெல்லாம் வருந்துகிறேன். மாலையில் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன், அதுதான் ஓய்வு. வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை; “அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை” என்றுதான் மாமியார் எல்லோரிடமும் சொல்வார். அந்தப் பத்து நிமிடத்திற்குள் செய்யக்கூடிய மூச்சுப் பயிற்சி ஏதாவது சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் வெவ்வேறு கையெழுத்துகளில் எனக்குப் பல முறை வந்திருக்கின்றன. ஆகவே எல்லாம் சரியாகிவிடும் என்றோ, நீங்கள் செய்வது பெரிய தியாகம் என்றோ எழுதப் போவதில்லை. ஓய்வெடுக்கப் போன இடத்தில் குழாயை ஏன் திறந்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கதவைத் தாழிட்டாயிற்று, உள்ளே யாரும் வரப் போவதில்லை, சும்மா உட்காருவதற்குத் தண்ணீரும் தேவையில்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் வெளியில் இருப்பவர்களின் காதுக்காகத்தான் ஓடுகிறது. அவள் ஏதோ துவைக்கிறாள், எதையோ கழுவுகிறாள் என்று அவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்துவிடக் கூடாது. நாள் முழுதும் உழைத்த ஒரு பெண், தன் சொந்த வீட்டில், தன் சொந்த மனிதர்களிடமிருந்து பத்து நிமிட ஓய்வைத் திருட்டுப் பொருளைப்போல ஒளித்து வைக்கிறாள். கடிதத்தில் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.

மறைப்பதும் ஓர் உழைப்பு என்பதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. விமானப் பணிப்பெண்கள் பயணிகளிடம் காட்டும் புன்னகையே ஊதியத்திற்காகச் செய்யும் வேலைதான் என்றும், உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றைக் காட்டுவது மனிதரைத் தேய்க்கும் என்றும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சில்ட் 1983-இல் எழுதினார். அந்தப் பெண்களுக்காவது விமானம் தரையிறங்கியதும் முகத்தைத் தளர்த்திக்கொள்ள இடம் உண்டு. நீங்கள் தளர்த்த வேண்டிய இடத்தில்தான் முகத்தை இறுக்கிக்கொள்கிறீர்கள். ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1990-கள் முதல் நடத்திய ஆய்வுகளில், அருவருப்பூட்டும் காட்சியைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கும்படி சிலரிடம் சொன்னார்கள். அவர்களுடைய முகம் அமைதியாக இருந்தது. ஆனால் உள்ளே எழுந்த உணர்ச்சி குறையவில்லை, உடலுக்குள் பதற்றத்தின் அறிகுறிகள் கூடியிருந்தன. உணர்ச்சியை அப்படி அடக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு, அந்த வேளையில் சொல்லப்பட்ட விவரங்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே நினைவில் தங்கின என்பதும் பிறகு தெரியவந்தது. அலமாரியின் முன்னால் நீங்கள் நிற்பதற்குத் தூக்கக் குறைவும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் முகத்தைக் காப்பதற்கே பாதி மனம் செலவாகிவிட்டால், எடுக்க வந்த பொருளை நினைவில் வைத்திருக்க மனத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

இப்போது உங்களைக் கடிந்துகொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். “அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை” என்ற அந்த ஒரு வாக்கியத்தை இழக்க உங்களுக்கு மனம் வரவில்லை. குழாய் ஓடுவது அதைக் காப்பாற்றத்தான். வீட்டாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் நானில்லாமல் எதுவும் நடக்காது, என்னால் முடியாதது எதுவும் இல்லை என்ற பெருமையும் அதில் இருக்கிறது. அந்தப் பெருமைக்கான விலையைக் கொடுப்பது நீங்கள் மட்டுமல்ல, உங்கள் மகனும் கொடுக்கிறான். அம்மா களைத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஒரு காரணமும் இல்லாமல் அம்மா தன்மேல் எரிந்து விழுகிறாள் என்பதுதான். 12 வயதுப் பிள்ளை அதற்கு என்ன காரணம் கண்டுபிடித்துக்கொள்வான்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வான்.

குடும்பக் கடமையில் நம்பிக்கை உள்ளவள் நான். அவரவர் சுகத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் கடமை என்பது ஒருவர் சுமந்து மற்றவர் அனுபவிப்பதன்று. உங்களைக் கவனிப்பது உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள கடமை. களைப்பை மறைத்து, அந்தக் கடமையைச் செய்யும் வாய்ப்பையே அவர்களிடமிருந்து பறித்து வைத்திருக்கிறீர்கள். என் தாயார் பகலில் படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை வெகுகாலம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தபோது, அவருக்கு எங்கே வலிக்கிறது என்று எப்படிக் கேட்பது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மனம் இல்லாமல் இல்லை, பழக்கம் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

ஆகவே முதலில் சொல்லுங்கள். எரிச்சல் தலைக்கேறிய வேளையில் வேண்டாம், சற்று அமைதியான ஒரு நாளில் எல்லோரையும் உட்கார வைத்து, “ஆறு மாதமாக எனக்கு முடியவில்லை. மறைத்துவிட்டேன். இனி முடியாத நாளில் காலையிலேயே சொல்லிவிடுவேன்” என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு வேலையைக் கைமாற்றுங்கள். “கொஞ்சம் உதவி செய்” என்று கேட்காதீர்கள். உதவி என்று சொன்னாலே வேலை உங்களுடையது என்றாகிவிடும். மாமியாருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாளை நினைவில் வைப்பது ஆகியவற்றை அவருடைய மகன் முழுப் பொறுப்பாக ஏற்க வேண்டும். நீங்கள் அவருக்கு நினைவூட்டவே கூடாது, ஏனெனில் நினைவில் வைத்திருப்பதுதான் அந்த வேலையின் கனமான பகுதி. 16 வயது மகளாலும் 12 வயது மகனாலும் துணி துவைப்பதை முழுதாக ஏற்றுக்கொள்ள முடியும். மாமியாருக்குக் கால்தான் முறிந்தது. உட்கார்ந்தபடி செய்யும் வேலை ஒன்றைக் கொடுத்தால் அவர் மகிழவும் கூடும். அவர்கள் செய்தது கோணலாக இருந்தால் கோணலாகவே விட்டுவிடுங்கள். நீங்கள் போய் மறுபடி மடித்து வைத்தால், அடுத்த வாரம் அந்த வேலை உங்களிடமே திரும்பி வரும்.

முடியாத நாள் வந்துவிட்டால், அன்றைக்கு நின்றால் ஒருவருக்குத் தீங்கு நேரும் என்ற வேலை எது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தேறும். மற்றவற்றைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். எழுதி வைத்ததை மனம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்று பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். பகலில் தூங்குவதானால் 20 நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள், நீண்டால் இரவுத் தூக்கம் கெடும். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதை மருத்துவர்கள் சலிக்காமல் சொல்கிறார்கள், நீங்களோ அதை வருந்துவதற்குச் செலவிடுகிறீர்கள். மகனிடம் கத்திவிட்டால், அன்று தூங்கப் போகுமுன் “நான் களைத்திருந்தேன், உன்மேல் தவறில்லை” என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். இரவெல்லாம் வருந்துவதால் அவனுக்கு ஆறுதல் கிடைக்காது.

இன்னொன்றையும் தள்ளிப் போடாதீர்கள். ஆறு மாதக் களைப்பை மனச்சோர்வு என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு ஆகியவையும் இதே களைப்பையும் மறதியையும் கொடுக்கும். மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எதிலும் பிடிப்பில்லாத நிலையோ துயரமோ இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி நீடித்தால், அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூச்சுப் பயிற்சி கேட்டிருந்தீர்கள். உள்ளிழுப்பதைவிட மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு சற்றே தணியும். ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதைக் குளியலறையில் செய்ய வேண்டாம். நாளை மாலை கூடத்திலேயே, எல்லோரும் பார்க்கப் படுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர், அநேகமாக உங்கள் மகள், அருகில் வந்து “என்னம்மா?” என்று கேட்பாள். அப்போது “ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.