பி.எஸ்சி. படிப்பவனுக்குக் கதையும் கவிதையும் கட்டாயமா?

"வேதியியல், கணக்கு, வணிகவியல் படிக்கிறவர்களை எதற்குக் கதை, கவிதை, நாவல் படி என்று கட்டாயப்படுத்துகிறார்கள்? பிடித்தவன் படிக்கட்டும், மற்றவனை விட்டுவிடலாமே? வேலைக்கு இது உதவுமா?" இதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. விடக் கூடாது என்பது என் பதில். இதைச் சொல்கிற நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவன். மூன்று வருடத்தில் எனக்கு விழுந்த ஒரே அரியர் பார்ட் ஒன் தமிழ்தான், அதாவது எல்லாத் துறைக்கும் பொதுவான மொழிப்பாடம்.

நீங்கள் இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கவில்லை, மதியம் லேப் இருக்கிறது, நடுவில் தமிழ் வகுப்பில் 3 துறைப் பிள்ளைகளை ஒரே ஹாலில் அடைத்து வைத்து யாரோ நோட்ஸ் படிக்கிறார்கள், நீங்கள் பெஞ்சுக்கு அடியில் போன் பார்க்கிறீர்கள். அந்த எரிச்சல் எனக்குப் புரியும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே கமெண்டில் வந்து கேட்பீர்கள்: நான் தமிழாசிரியர் இல்லை, என் வீட்டிலும் யாரும் இல்லை. மொழிப்பற்றுப் பேசவும் வரவில்லை. பார்ட் ஒன்னில் மலையாளமோ உருதோ எடுத்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

எங்கள் ஊர் திருப்பூர் பக்கம். 2007ல் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பா இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி பத்து, பத்தரை ஆகிவிடும். திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் 9 குடித்தனம், ஒரே குழாய். "பத்து மணிக்கு என்னத்த கம்பெனி" என்று வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எல்லா லைன் வீட்டிலும் இருப்பார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே பேசுவார்கள். பதினெட்டு வயதில் நான் செய்தது என்ன தெரியுமா? அம்மா வருகிற நேரத்துக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவது மாதிரிப் படுத்துக்கொள்வேன். அவர் இருட்டில் தட்டைத் தேடி, பாத்திரம் சத்தம் போடாமல் சாப்பிடுவார். பேசினவர்கள் மேல் வர வேண்டிய கோபம் எனக்கு அம்மா மேல் வந்தது.

இரண்டாம் செமஸ்டரில் சிறுகதைப் பகுதியில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' இருந்தது. 1934ல் எழுதின கதை. அம்மாளு என்று ஒரு மில் கூலி. புருஷன் குதிரை வண்டிக்காரன், குடித்துவிட்டு வண்டியை விரட்டி அடிபட்டுக் கிடக்கிறான். பால்கஞ்சி வேண்டும் என்கிறான், வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கப் போனவள் சந்தில் ஒருவனோடு இருளில் மறைகிறாள், கிடைப்பது முக்கால் ரூபாய். மொத்தமே சில பக்கம்தான்.

எங்கள் தமிழ் மேடம் அதை நோட்ஸ் கொடுக்காமல் சத்தமாக வாசித்தார். மதியம், ஃபேன் ஓடவில்லை. முடிகிற இடத்தில் பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். மேடம் திட்டவில்லை. புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, "சரி, அவன் கேட்ட கஞ்சிக்கு அன்னைக்கு வேற யாரு காசு குடுத்திருப்பா? சொல்லு" என்றார். அவன் எழுந்து நின்றான், பதில் இல்லை. அவர் நெடுநேரம் காத்திருந்தார். அந்த நேரம் முழுக்க நான் டெஸ்க்கில் காம்பஸால் கீறியிருந்த ஒரு பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதைக்கும் என் அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவர் கத்தரியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர். ஆனால் அம்மாளுவைத் தீர்ப்புச் சொல்கிற குரல் எங்கள் லைன் வீட்டு வாசலில் கேட்ட அதே குரல், என் தொண்டைக்குள்ளும் இருந்த குரல். அதை வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி விளக்கை அணைக்கவில்லை. சோற்றைச் சுட வைத்தேன். அம்மா உள்ளே வந்து, தலையில் ஒட்டியிருந்த பனியன் பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே, "என்ன கண்ணு, காய்ச்சலா?" என்றார். தட்டை வாங்கும்போதுதான் பார்த்தேன், கத்தரி வளையம் அழுத்தி அழுத்திப் பெருவிரல் அடியில் காசு அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது.

இந்தக் கதையை நானாகத் தேடிப் படித்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன். எங்கள் வீட்டில் இருந்த அச்சடித்த பொருள் ரேஷன் கார்டும் காலண்டரும்தான். "பிடித்தவன் படிக்கட்டும்" என்று சொல்வது வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிற பிள்ளைக்குச் சரி. என்னை மாதிரிப் பையன்களை மணி அடித்து உட்கார வைத்தால்தான் உண்டு. விருப்பப் பாடம் என்று வைத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். இப்போதே பல நகரத்துக் கல்லூரிகளில் மார்க் வரும் என்பதற்காக வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் பிரெஞ்சு எடுக்கிறார்கள். பிரெஞ்சு மேல் ஆசைப்பட்டு எடுத்தால் சந்தோஷம், ஆனால் அவர்களில் எத்தனை பேர் அந்த மொழியில் ஒரு கதையைப் படித்து முடித்தார்கள்?

பொறியியல் பக்கம் 2022ல் அண்ணா பல்கலைக்கழகம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று முதலாண்டுக்கு இரண்டு தாள் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது வரலாறும் தகவலும். ஒரு மனுஷியோடு அரை மணி நேரம் இருட்டுச் சந்தில் நிற்க வைக்கிற வேலையைக் கதைதான் செய்யும்.

2014ல் சென்னைப் பல்கலைக்கழகம் 'பொன்னகரம்', புதுமைப்பித்தனின் இன்னொரு கதையான 'துன்பக்கேணி' இரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. 'துன்பக்கேணி'யில் வருகிற சாதிப் பேச்சு சிலருக்கு வலிக்கும், அந்த வலியை நான் மறுக்கவில்லை, மறுக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அதை உட்கார்ந்து பேச வகுப்பறையை விட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது?

வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதிக்கிற லேபில் இருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின காலத்திலிருந்து இதே தொழில்தான். நொய்யல் ஆற்றில் 1992ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டி, கடைசியில் சாயக்கழிவு தேங்குகிற இடமாக ஆனது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தன் கிணற்றுத் தண்ணீரைச் சோடா பாட்டிலில் கொண்டுவந்தார். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 4,300 மில்லிகிராம் காட்டியது. கழிவுநீரையே 2,100க்கு மேல் வெளியே விடக் கூடாது என்பது விதி, இது கிணறு. எண்ணைச் சொல்லி அனுப்பினால் என் வேலை முடிந்தது. நான் உட்காரச் சொல்லி, எத்தனை மரம், எப்போதிலிருந்து என்று கேட்டேன். தென்னையில் ஆரம்பித்து அவர் வந்து நின்ற இடம் வேறு: "எங்கூர்த் தண்ணியப் பாத்துட்டு பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டீங்கறாங்க தம்பி." என் ரிப்போர்ட்டில் இதை எழுத ஒரு கட்டம் இல்லை. கதை படித்ததால் நான் பெரிய மனிதாபிமானி ஆகிவிட்டேன் என்று எழுதவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்று கேட்கத் தோன்றியது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தோன்றல் எனக்கு லேபில் கிடைத்தது இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தத் தமிழ் மேடம் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரமில்லாத ஆசிரியர். வருடத்தில் 11 மாதம்தான் சம்பளம், மே மாதம் கிடையாது. அதுவும் மாதாமாதம் வராது, மூன்று மாதம் சேர்த்து வரும். ஒரு மே மாதம் அவரை ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார், எனக்குத்தான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு வகுப்பையே வாயடைக்க வைத்தவரை இப்படி வைத்திருந்தால், நோட்ஸ் மட்டும் படிக்கிற வகுப்புகள்தான் மிஞ்சும். உங்கள் எரிச்சலில் பாதி அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி பரீட்சை. கட்டாயமாக இருக்க வேண்டும் என்கிற நானே இந்தப் பரீட்சை முறையை மாற்றச் சொல்வேன். என் அரியர் கதை அதுதான். 'பொன்னகரம்' பற்றிக் கட்டுரைக் கேள்வி வந்தது. நோட்ஸில் ஆறு உட்தலைப்பு, அடிக்கோடு எல்லாம் இருந்தது. நான் ஒரு தலைப்பும் போடாமல், சிரித்த பையன், மேடம் கேட்ட கேள்வி, லைன் வீட்டு வாசல் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போனேன். மணி அடித்தபோது இரண்டு கட்டுரை எழுதாமல் மிச்சம். 75க்கு 30 வேண்டும், எனக்கு வந்தது 26. நேரம் பார்த்து எழுதாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாழ்க்கையிலேயே நானாக யோசித்து எழுதின முதல் நாலு பக்கம் அது.

ரிசல்ட் வந்த அன்று அம்மாவுக்குக் கோபம். ஐந்தாவது வரை படித்தவர். "கெமிஸ்ட்ரில போயிருந்தாச் சரி. பேசற பாஷைல எப்படிரா ஃபெயிலாவ? என்ன அப்படிக் கஷ்டமாப் போட்டிருக்கறாங்க, படி பாக்கலாம்" என்றார். இந்தக் கதையை எப்படி அம்மாவிடம் வாசிப்பது என்று கூசியது. தலையைக் குனிந்துகொண்டே வாசித்து முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு அப்பறம் என்னாச்சு?"

"கதை அவ்வளவுதாம்மா. முடிஞ்சிருச்சு."

"அதெப்படிக் கண்ணு முடியும்? விடிஞ்சா மில்லுக்குப் போவோணுமில்ல."