அப்பாவுக்கு ஹெட்போன், உங்களுக்குப் பட்டியலா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆபீஸ் குரூப்பில் எல்லாரும் பழைய கிளாசிக், கல்ட் படங்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை, அவமானமாக இருக்கிறது. ராத்திரி மொட்டைமாடியில் போனில்தான் படம் பார்ப்பேன். எதில் ஆரம்பிப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு பத்துப் படம் சொல்லுங்கள். பகலில் நேரம் கிடைத்தாலும் வீட்டில் பார்க்க முடியாது. அப்பாவுக்கு 62 வயது, விசைப்படகு டிரைவராக இருந்தவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. எந்நேரமும் டிவியில் பழைய படம் போட்டு அலற விடுவார். மீட்டிங்கில் தொந்தரவாக இருந்ததால் ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது. கூப்பிட்டால் காதில் விழவில்லை என்று அம்மாதான் கத்திக்கொண்டிருப்பார்.

பதில்: தம்பி, பட்டியல் கேட்டு வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பத்துப் படம் சொல்லுங்கள், பத்துப் புத்தகம் சொல்லுங்கள் என்பார்கள், சொன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அதோடு சரி. ஆபீஸ் குரூப்பில் வாய் திறக்க முடியவில்லை என்பதற்கெல்லாம் நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்ல பழக்கம்தான், தொடருங்கள். எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஹெட்போன்.

பிரச்சினை தீர்ந்தது என்கிறீர்கள். யாருடைய பிரச்சினை? பழைய படத்தில் எதைப் பார்ப்பது என்று முன்பின் தெரியாத ஒருத்தருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள், பக்கத்து அறையில் ஒரு மனுஷன் பகலெல்லாம் அதே படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் காதை அடைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்கிறீர்கள். இதை எழுதும்போது உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கவில்லையா? அம்மா கத்துகிறார் என்பதையும் ஏதோ அம்மாவின் குணம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முன்னே டிவி சத்தமாக ஓடினபோது அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். வசனம் காதில் விழும், செதிளைத் தேய்த்துக்கொண்டே சிரித்திருப்பார், நடுவில் "அடுத்து அழப்போறா பாருங்க" என்று அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருப்பார். இரண்டு பேர் சேர்ந்து பார்த்த படத்தை ஒருத்தர் காதுக்குள்ளே தள்ளிவிட்டீர்கள். அந்த வீட்டில் இப்போது மூன்று பேரும் தனித்தனி.

அவர் ஏன் டிவியை அலற விடுகிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? ராத்திரி ராத்திரியாக டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில், காதில் ஒரு பஞ்சுகூட வைக்காமல் தொழில் செய்தவர். அந்த மாதிரி இரைச்சலில் வருஷக்கணக்கில் நின்றால் உள்காதில் இருக்கும் மயிரிழை மாதிரியான செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், செத்தது திரும்ப வளராது. முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள். யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது, அதனால்தான் சத்தத்தைக் கூட்டுவார்கள். உங்கள் காலேஜ் ஃபீஸ் அந்த எஞ்சின் சத்தத்திலிருந்துதானே வந்திருக்கும், வேறு எங்கிருந்து வரும்? அந்தக் காதில் போய் ஹெட்போனை மாட்டி முழுச் சத்தத்தில் வைக்க விட்டிருக்கிறீர்கள், மிச்சம் இருக்கிறதும் போகட்டும் என்று. பெற்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? கிடைத்த நீங்கள் அதைத் தொந்தரவு என்று கணக்கெழுதுகிறீர்கள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை மட்டும் வைத்து மகன் கடமையைச் செய்கிறான் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, படத்துக்கு வருவோம். எல்லாமே ஆள் சேர்த்துப் பார்க்க வேண்டிய படங்கள். தனியாக மொட்டைமாடியில் பார்ப்பதென்றால் என் பதிலை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் 'படகோட்டி'. 1964 தீபாவளிக்கு வந்த படம், பிரகாஷ் ராவ் இயக்கம், வாலியின் பாட்டுகள், இரண்டு மீனவர் கூட்டங்களை மோதவிட்டு நடுவில் லாபம் பார்க்கிற ஆளாக நம்பியார். உங்கள் ஆபீஸ் குரூப்பில் இதை கிளாசிக் என்று சொல்வார்களோ மாட்டார்களோ, எனக்குக் கவலையில்லை, உங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் படம். எம்ஜிஆர் துடுப்புப் பிடிக்கிற விதத்தைப் பற்றி அப்பாவிடம் கேளுங்கள். அப்புறம் நம்பியார் மாதிரி ஆள் உங்கள் கரையில் யார் யார் இருந்தார்கள், ஏலத்தில் விலையை யார் வைத்தார்கள், படகுக்கு முன்பணம் வாங்கினவன் அந்தக் கடனிலிருந்து எப்போது வெளியே வந்தான் என்று கேளுங்கள். படம் முடிந்த பிறகும் இந்தப் பேச்சு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓடும். அந்தப் படம் வந்த அடுத்த மாதம்தான், டிசம்பர் 22 ராத்திரி, புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. உங்கள் அப்பா அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பார். புயலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதை அவர் வைத்திருப்பார், உங்களிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்களே.

இன்னொன்றும் கேளுங்கள். தீவுக்கு வருகிற பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது 1988-ல். அதுவரைக்கும் தீவுக்குள் படப்பெட்டி எப்படி வந்து சேர்ந்தது, ரயிலிலா படகிலா? எந்தக் கொட்டகையில் பார்த்தார்? டூரிங் டாக்கீஸ் என்றால் பக்கத்தில் தடுப்பு சரியாக இருக்காது, அதனால் இருட்டின பிறகுதான் ஆட்டம். சாமி பாட்டு குழாயில் கேட்டதும் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரே நடக்கும். தரை டிக்கெட் எடுத்தவன் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவான், பின்னால் இருக்கிறவனுக்கு மறைக்கும், சண்டை வரும். பல இடத்தில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான், ரீல் மாற்றுவதற்காக மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். இதெல்லாம் எனக்குப் பொதுவாகத் தெரிந்தது. உங்கள் ஊர்க் கொட்டகையின் மணல் எப்படி இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பார்ப்பதற்கு முன்னால் கேட்டே படம் தெரிந்துகொண்ட தலைமுறை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகாசவாணியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், படத்தின் வசனமும் பாட்டும் மட்டும் சுருக்கி வரும். உங்கள் கரையில் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும். 1982-ல் ரூபவாஹினி ஆரம்பித்த பிறகு தென்கடலோரத்தில் உயரமான ஆன்டெனா நட்டு சிலோன் டிவி பார்த்த வீடுகள் எத்தனையோ. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் 'பராசக்தி' வசனமும் 'திருவிளையாடல்' வசனமும் குழாயில் ஓடும், நாகேஷின் தருமி புலம்பலைச் சின்னப் பிள்ளைகள்கூட மூச்சுவிடாமல் சொல்லும். அப்படிக் காதாலேயே படம் பார்த்து வளர்ந்த ஆளுக்கு இப்போது காது கேட்கவில்லை, தம்பி. அந்த அலறலுக்கு அர்த்தம் அதுதான்.

அடுத்து 'அந்த நாள்', 1954. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவிஎம் எடுத்தது, ஒரு பாட்டுக்கூட கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த காலத்தில் நடக்கிற கதை, ரேடியோ எஞ்சினியர் ஒருத்தர் சுடப்பட்டுக் கிடக்கிறார், ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், ஜாவர் சீதாராமன் துப்பறிகிறார். வந்தபோது வசூல் இல்லை, இன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கல்ட் என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை. குரூப்பில் போய் இதைச் சொல்லிக்கொள்ளுங்கள், உங்கள் ஆசையையும் ஏன் கெடுப்பானேன்.

'வியட்நாம் வீடு' (1970) பார்க்கும்போது போனைத் தொடாதீர்கள். பிரெஸ்டீஜ் பத்மநாபன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிறார், பிள்ளைகள் பார்வை மாறுகிறது. சிவாஜி அதிகமாக நடிக்கிறார் என்று உங்கள் வயசுக்காரர்கள் சொல்வார்கள், நடிக்கட்டும், அந்த ஆத்திரத்துக்கு அந்த அளவு வேண்டும். அவருக்காவது ஓய்வு பெறும் தேதி என்று ஒன்று இருந்தது. விசைப்படகு டிரைவருக்கு அது எது? ஒரு நாள் முடியவில்லை, மறுநாள் வேறொருத்தன் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான், அவ்வளவுதான். அதே சூட்டில் பீம்சிங்கின் 'படிக்காத மேதை'யையும் (1960) பார்த்துவிடுங்கள். பெற்ற பிள்ளைகள் கைவிட்ட ரங்காராவை வளர்த்த பிள்ளை பார்த்துக்கொள்கிற படம். எந்தப் பிள்ளையின் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988, 'சந்தியா ராகம்' அதற்கு அடுத்த வருஷம். இரண்டிலும் சொக்கலிங்க பாகவதர். நடிப்பு என்றே தெரியாது, ஒரு கிழவர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றும். 'சந்தியா ராக'த்தில் மனைவி போன பிறகு சொந்தக்காரர் வீட்டில் ஒண்ட வந்த கிழவர், ஒரு சாமான்கூட அவருடையது இல்லாத வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் இருக்கிறார். இதை அப்பாவோடு பார்க்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படுங்கள்.

அம்மாவுக்குத் தனியாக மூன்று படம் வைத்திருக்கிறேன். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978), ராமு காரியாட்டின் மலையாளப் படம் 'செம்மீன்' (1965). இரண்டாவது படத்தை அப்பாவோடு பார்த்தால் இருவரும் நெளிவீர்கள், அம்மாவோடு பாருங்கள். ஸ்ரீப்ரியா பேசுகிற பேச்சுக்கு அம்மா என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள், திட்டுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள் என்பது என் ஊகம். 'செம்மீன்' ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கின படம். கடலுக்குப் போனவன் உயிர் கரையில் இருக்கிற பெண்டாட்டியின் ஒழுக்கத்தில் தொங்குகிறது என்ற நம்பிக்கைதான் கதையே. புருஷன் கடலில் இருந்த ராத்திரிகளை எண்ணிக்கொண்டு கிடந்த ஒரு பெண்ணிடம் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டிவிட்டு அபிப்பிராயம் கேளுங்கள். விமர்சகர்கள் யாரும் அவர் சொல்வதை எழுதியிருக்க மாட்டார்கள்.

எண்ணிப் பார்த்துப் பத்து வரவில்லை என்று எழுதாதீர்கள். மிச்சத்தை அப்பா சொல்வார், அவர் சொல்வதில் பாதி மசாலாவாக இருக்கும், முகம் சுளிக்காமல் பாருங்கள். தமிழில் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்றைக்கு எங்கேயும் இல்லை, அந்தக் காலத்துப் படங்கள் நிறைய அப்படியே போய்விட்டன. பார்த்தவர்களும் போய்விட்டார்கள். அப்பா பார்த்த படங்களுக்குப் பிரதி இருக்கிறது, அவர் பார்த்த கதைக்கு அவர் ஒருத்தர்தான்.

மீட்டிங்கில் சத்தம் கேட்கிறது என்றால் ஹெட்போனை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், பேசாத நேரத்தில் மைக்கை மியூட்டில் போடுங்கள், கதவைச் சாத்துங்கள். சம்பளம் வாங்குகிறவன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு அது. அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு அப்பாவை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். எந்த அளவு கேட்கிறது என்று பரிசோதனை செய்வார்கள், காதுக்கருவி வைத்தால் பலன் உண்டா என்று சொல்வார்கள். வயசானால் அப்படித்தான், எதற்குச் செலவு என்று அவர் மறுப்பார், எல்லா அப்பாக்களும் மறுப்பார்கள், அதைக் காரணமாக என்னிடம் எழுத வேண்டாம். கருவி வைத்த முதல் சில நாள் பாத்திரச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் எரிச்சலாக இருக்கும், கழற்றிப் போட்டுவிடுவார். பக்கத்தில் இருந்து திரும்ப மாட்டிவிடுவது உங்கள் வேலை.