மஞ்சளும் அமிர்தபள்ளியும் சிறுநீர்த் தொற்றைக் குணமாக்குமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 63. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் சிறுநீர் கழிக்கும்போது கடும் எரிச்சல் ஏற்பட்டது. இந்த ஆண்டில் இது இரண்டாவது முறை. டாக்டர் ஐந்து நாளைக்கு நைட்ரோஃபியூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கியதால் அம்மா அதை நிறுத்திவிட்டார். ‘மூலிகையிலேயே ஆன்டிபயாடிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும் இருக்கும்போது மாத்திரை எதற்கு?’ என்கிறார். ஏழு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் நிலவேம்புக் கஷாயம், பிறகு அமிர்தபள்ளி (சீந்தில்) சாறு, நெல்லிச் சாறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் என வரிசையாகச் சாப்பிடுகிறார். சிற்றுண்டி ஒன்பதரை மணிக்குத்தான். இப்போது எரிச்சல் திரும்பிவிட்டது, காய்ச்சல் இல்லை. ஒன்பது மணி வாக்கில் சில நாள் வியர்த்துக் கை நடுங்குகிறது. மூலிகை வேலை செய்வதன் அடையாளம் அது என்கிறார். அவர் செய்வது சரியா?

பதில்: கடிதத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்றே கவனிக்க வேண்டியது அதுதான். கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. அதைப் போட்டபின் இரண்டரை மணி நேரம் உணவு உள்ளே போகாவிட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வையும் நடுக்கமும் பெரும்பாலும் அதன் அறிகுறிகளே. சீந்தில் போன்ற கசப்பு மூலிகைகள் சர்க்கரையை மேலும் சற்றே இறக்கவும் கூடும். அடுத்த முறை நடுக்கம் வந்தவுடன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். நாளை முதல் அந்த மாத்திரையைச் சிற்றுண்டித் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகே போடச் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மூலிகைகளில் கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இருக்கின்றன என்று அவர் சொல்வது உண்மை. செடிகளால் ஓடி ஒளிய முடியாது. பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி ஆகியவற்றிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவை பல வேதிப்பொருள்களைத் தயாரித்து வைத்திருக்கின்றன. மஞ்சளின் குர்குமின், கிராம்பின் யூஜினால், பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், மரமஞ்சளின் பெர்பெரின் எல்லாம் ஆய்வகத்தில் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பவையே. ஆனால் அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் எல்லை புரியும்.

ஒரு வட்டத் தட்டில் கூழ் போன்ற ஊட்டத்தைப் பரப்பி, அதன்மேல் பாக்டீரியாவைத் தடவி, மூலிகைச் சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை நடுவில் வைத்து ஒரு நாள் இளஞ்சூட்டில் விடுகிறார்கள். மறுநாள் தட்டு முழுவதும் பால் படிந்ததுபோல் கிருமி வளர்ந்திருக்க, வில்லையைச் சுற்றி மட்டும் வெறும் வளையம் ஒன்று தெரியும். ‘இயற்கை ஆன்டிபயாடிக்’ என்ற செய்திகளில் பல, இந்த வளையத்திலிருந்து பிறந்தவை. காடியில் (வினிகரில்) நனைத்த வில்லையும் வளையம் காட்டும். அதற்காகக் காடியைக் குடித்துத் தொற்றைக் குணமாக்க முடியாது. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் அறிக்கையில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ‘எஸ்’ (கிருமி மருந்துக்குக் கட்டுப்படும்), ‘ஆர்’ (கட்டுப்படாது) என்று குறிப்பதற்கும் இதே வில்லைச் சோதனையைத்தான் பல ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. ஆனால் அங்கே வளையம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் மருந்து பலிக்கும் என்பதை, அந்த மருந்து நோயாளியின் உடலில் எட்டும் அளவையும் சிகிச்சையில் கண்ட பலனையும் ஒப்பிட்டு முன்கூட்டியே வரையறுத்திருக்கிறார்கள். மஞ்சளுக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை.

அம்மா நிறுத்திய நைட்ரோஃபியூரன்டாயினையே பாருங்கள். இரத்தத்தில் அது மிகக் குறைவாகவே தங்கும். சிறுநீரில் செறிவாகச் சேரும். அதனால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது நல்ல மருந்து, சிறுநீரகத் தொற்றுக்கோ உதவாத மருந்து. கிருமி இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேருகிறதா என்பதுதான் எந்த மருந்துக்கும் முதல் சோதனை, அது தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் தோட்டத்திலிருந்து வந்தாலும்.

குர்குமின் இந்தச் சோதனையில்தான் தோற்கிறது. மஞ்சள்தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். குடலிலிருந்து மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது; உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. நம் ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினை மட்டும் விழுங்கியவர்களின் இரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவிலோ மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. மிளகின் பைபெரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடலுக்குக் கிடைத்த அளவு 2000 சதவீதம் கூடியது. இந்த எண்ணைத்தான் கேப்சூல் விற்பவர்கள் பெரிதாகச் சொல்கிறார்கள். சொற்பத்தின் இருபது மடங்கும், சிறுநீர்ப்பையில் இருக்கும் ஈ.கோலை கிருமியைக் கொல்லப் போதிய அளவு ஆகிவிடாது. மேலும் பைபெரின், குர்குமினை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவதில்லை. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளையே அது மந்தப்படுத்துவதால், வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறும். சமையலில் சேரும் மிளகுக்காக நான் கவலைப்படவில்லை. தினமும் செறிவூட்டிய சத்தாக விழுங்குவதற்காகத்தான் கவலைப்படுகிறேன். இத்தகைய மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் எழுதியிருக்கிறார்கள்.

செடியிலிருந்து உண்மையான கிருமிக்கொல்லி மருந்து வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் மலேரியா மருந்தான குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு நம் நீலகிரியிலேயே சின்கோனாத் தோட்டங்கள் உருவாயின. சீனத்தின் தூ யூயூ, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து ஆர்ட்டெமிசினினைப் பிரித்து மலேரியாவுக்கு மருந்து தந்ததற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டு முறையும் செடிக்குள் இருந்த பொருளைப் பிரித்து, அளந்து, இத்தனை மில்லிகிராம் இத்தனை நாள் என்று வகுத்த பிறகே அது நம்பத்தக்க மருந்தாயிற்று. அதே செடியைத் தேநீராகக் காய்ச்சி மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிப்பதில்லை. இலைக்கு இலை அளவு மாறும். அரைகுறை அளவு, எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை வளர்த்துவிடும்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் கேட்கிறது, ஏனென்றால் அங்கே மருந்து வலிக்கும் இடத்தையே நேரடியாகத் தொடுகிறது. பல் மருத்துவர்களும் யூஜினாலைப் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பில் பலிப்பது சிறுநீர்ப்பைக்குள் பலிக்க வேண்டும் என்பதில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகும் வீரியமிக்க மூலக்கூறுகள் செல்களைச் சேதப்படுத்தும் என்பதால், அவற்றைத் தணிக்கும் எதுவும் நல்லதே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியவுடன் அதைக் கொல்வதற்குப் பயன்படுத்தும் ஆயுதமே அந்த மூலக்கூறுகள்தான். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், கேரட்டில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்டான பீட்டா கரோட்டினைத் தினமும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. கேரட்டும் கீரையும் தின்றவர்களுக்கு வந்த கேடல்ல அது. ஒற்றைப் பொருளைப் பெரிய அளவில் மாத்திரையாக விழுங்கியதால் வந்தது. ஆகவே நெல்லிக்காயைக் காயாகவோ துவையலாகவோ சாப்பிடட்டும், முருங்கைக்கீரையும் பருப்புக்கு மஞ்சளும் வழக்கம்போல் இருக்கட்டும். அவற்றை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

எனக்கு அதிகக் கலக்கம் தருவது அமிர்தபள்ளி, அதாவது நம் சீந்தில். கொரோனா காலத்தில் என்னிடம் மஞ்சள்காமாலையோடு வந்த ஒரு பெண்மணியிடம் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். நான்காம் முறை, ‘காலையில் என்ன குடிக்கிறீர்கள்?’ என்று கேட்டபோதுதான், மாடித்தொட்டியிலிருந்து தினமும் பறித்துக் காய்ச்சும் அமிர்தபள்ளிக் கொடியைச் சொன்னார். அது அவருக்கு மருந்தாகவே படவில்லை. நிறுத்திய பிறகு சில வாரங்களில் கல்லீரல் தேறியது. மும்பை மருத்துவர்கள் 2021-இல் இத்தகைய ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டில் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளிவந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் கல்லீரலையே தாக்கும் வகை அழற்சி பலரிடம் காணப்பட்டது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. ஒரே சாடையுள்ள வேறு கொடியோடு குழம்பியிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. அப்படியே இருந்தாலும், சந்தையில் வாங்கும் புட்டியில் எந்தக் கொடி இருக்கிறது என்று உங்களாலும் என்னாலும் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே அதை நிறுத்தச் சொல்கிறேன். நிலவேம்புக் குடிநீரைச் சித்த மருத்துவர்களும் காய்ச்சல் நாட்களுக்கென்றுதான் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் தினமும் தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. மீதமிருக்கும் மூன்று நாள் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். முதலில் சிறுநீர்க் கல்ச்சருக்குக் கொடுங்கள். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். கூடவே சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். மாதிரி கொடுத்தவுடன் டாக்டரைப் பாருங்கள். அறிக்கை வருவதற்கு முன்பே அவர் மருந்து தொடங்கக்கூடும், அதைக் கடைசி நாள் வரை முடிக்க வேண்டும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தொற்று அடிக்கடி திரும்பினால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பயனளிக்கும். அம்மா இதைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார், நீங்கள் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்தச் சாற்றுப் புட்டிகள், கேப்சூல் டப்பா, கஷாயப் பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று அவர் மேசைமேல் வையுங்கள்.