பெட் கிளினிக்கில் நைட் ஷிஃப்ட் உதவியாளர் வேலை: சேரலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன், கால்நடை மருத்துவம் கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு தனியார் பெட் கிளினிக்கில், அவசர சிகிச்சைப் பிரிவில் நைட் ஷிஃப்ட் உதவியாளராகக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் "நாய்ப்பீ அள்ளுற வேலை" என்கிறார்கள். சேரலாமா?

பதில்:

நானும் இதே வேலை பார்க்கிறவள்தான், இதே வார்த்தையை என் வீட்டிலும் சொன்னார்கள். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நீங்கள் ஒரு பெண் என்றும், உசிலம்பட்டி, திருமங்கலம் மாதிரி ஒரு ஊரிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கப் போகிறவர் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆமாம், பீ அள்ள வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி ரத்தமும் நீருமாகப் போய்க்கொண்டே இருக்கும், அந்த வாடை ராத்திரி முழுக்க மூக்கில் நிற்கும். ஆனால் அதை அள்ளுகிறவருக்குத்தான் முதலில் விஷயம் தெரியும். எத்தனை தடவை போனது, ரத்தம் கூடியதா குறைந்ததா, உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறியிருக்கும் என்று நாம் சொன்னால்தான் டாக்டர் டிரிப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். கூண்டை பிளீச்சிங் கரைசலில் சரியாகக் கழுவாவிட்டால் அடுத்து அதில் படுக்கிற, தடுப்பூசி போடாத குட்டிக்கும் பார்வோ வரும். இதை எடுபிடி வேலை என்று சொல்கிறவர்கள் ஒரு ராத்திரி வந்து பார்க்கட்டும்.

எனக்கு இந்த வேலை பிடிபட்டது ஒரு ஐப்பசி மழை ராத்திரியில். அழகர்கோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கிற ஒரு பெரியவர் தன் சிப்பிப்பாறை நாயைக் குட்டியானை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். அதன் பெயர் மணி. மூஞ்சி ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. "குளவி கொட்டிருச்சு போல தாயி, ஒரு ஊசி போட்டு விடுங்க, போயிர்றோம்" என்றார். டாக்டர் உள்ளே வேறொரு நாய்க்கு சிசேரியனில் இருந்தார். வாசலில் நான் மட்டும்தான்.

யார் வந்தாலும் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். மணிக்கு அது மெதுவாகத்தான் வந்தது. தாடைக்குக் கீழே முடியை விலக்கிப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை, இரண்டிலிருந்தும் மெல்லிசாக ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினேன், எடுத்தால் மறுபடி கசிந்தது. குளவி கொட்டினால் வீங்கும், ரத்தம் இப்படி நிற்காமல் வராது. கதவைத் திறந்து டாக்டரிடம் அதை மட்டும் சொன்னேன். "ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்ல வை, நேரம் குறிச்சுக்கோ" என்றார்.

இதை விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத சோதனை இது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. 2 மில்லி ரத்தத்தை விட்டு 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் ஒரே தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ரத்தம் அதற்குள் உறைந்து கட்டியாக நிற்கும். மணியின் ரத்தம் தண்ணீராய் ஓடியது. கொட்டியது குளவி இல்லை, கடித்தது கண்ணாடி விரியன் பாம்பு. அது கடித்தால் ரத்தத்தில் உறையும் சக்தியே தீர்ந்துபோகிறது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு விஷமுறிவு மருந்து போடச் சொன்னார். மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கம் பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். குப்பியில் பொடியாக இருக்கும். 10 மில்லி நீர் விட்டு மெதுவாகச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும். குதிரைப் புரதம் என்பதால் உடம்பு ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம். அப்படி ஆனால் உடனே போடுகிற அட்ரினலின் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்துக்கொண்டு, வயிற்றில் தடிப்பு வருகிறதா, மூச்சு மாறுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மணி வாந்தி எடுத்தது. உடனே டிரிப்பை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஊசி போட்டார், கொஞ்ச நேரம் கழித்து வேகத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தோம்.

பெரியவர் வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "பொழச்சிருமா தாயி?" என்று கேட்டார். "மருந்து ஏறுதுங்கய்யா, காலையில திரும்ப ரத்தம் பார்ப்போம்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து வைத்தேன். குழாயைச் சாய்த்தால் ரத்தம் நகரவில்லை. அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை. அதோடும் முடியவில்லை. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதனால் மூத்திரம் போகிறதா, என்ன நிறம், எவ்வளவு என்று அடுத்த நாட்களிலும் எழுதி வைத்தோம். மணி பிழைத்தது.

இதைப் படித்துவிட்டு "உதவியாளர் நோயைக் கண்டுபிடித்தாராமா" என்று கேட்க ஆள் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. நோயைத் தீர்மானிப்பதும் மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டும்தான், 1984-ஆம் வருட கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அது சரியான சட்டம். நாலு வருஷம் கிளினிக்கில் இருந்துவிட்டு ஊரில் போய் ஊசி போடுகிறவர்களை நானும் எதிர்க்கிறேன். ஆனால் பார்த்ததைச் சரியாகப் பார்க்கவும், உடனே சொல்லவும், சொன்னதைப் பிசகாமல் செய்யவும் ஒரு படிப்பு வேண்டும். அமெரிக்காவில் இதற்கு இரண்டு வருடப் படிப்பு, தேசிய அளவில் ஒரு தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் பதிவு எல்லாம் உண்டு. அவசர சிகிச்சைக்கென்றே தனிச் சிறப்புத் தகுதியும் இருக்கிறது. இங்கே தனியார் கிளினிக்கில் நம் கைக்குக் காகிதம் எதுவும் கிடைக்காது. சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான்.

இன்னொன்று, வேலைக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் எழுதுகிறேன். ராத்திரி வேலை பார்க்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. விடிகாலையில் வீடு திரும்பினால் தெருவே பார்க்கும். ஒரு வீட்டு ஓனர் அம்மா "எங்க போயிட்டு வர்ற?" என்று என் அடையாள அட்டையையே வாங்கிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் "உன் துணியில நாய் வாடை வருது" என்று மாடிக் கொடியில் காயப்போட விடவில்லை. மோட்டார் போடுவது நான் வருவதற்கு முன்னால் முடிந்துவிடும், குளிக்கத் தண்ணீர் இருக்காது. கரண்டுக்கு மட்டும் ஈ.பி. கணக்கை விட இரண்டு மடங்கு வாங்குவார்கள். பகலில் தூங்குகிற பெண் என்றாலே தப்பான பெண் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? தயவுசெய்து வேலைக்குச் சேருமுன் தங்க இடம் பாருங்கள். கூட வேலை பார்க்கிற பெண்களோடு சேர்ந்து எடுத்தால் நல்லது.

சரி, சேரலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள். அக்னி நட்சத்திரத்தில் மூச்சு முட்டி வரும் சப்பை மூக்கு பக் நாய், தீபாவளி ராத்திரி வெடிக்குப் பயந்து ஓடி அடிபட்ட நாய், காய்ச்சல் என்று வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து ஈறு பழுப்பாகிப்போன பூனை என்று தினமும் ஒன்று வரும். பூனைக்கு அந்த மாத்திரை விஷம், இதையாவது உங்கள் வீட்டில் சொல்லி வையுங்கள்.

சேருமுன் நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற தடுப்பூசி. 0, 7, 21-ஆம் நாள் என்று மூன்று ஊசி. அதை அவர்கள் செலவில் போடச் சொல்லுங்கள், தயங்கினால் சொந்தக் காசிலாவது போட்டுக்கொண்டுதான் நாயைத் தொட வேண்டும். அதைப் போட்டிருந்தாலும், கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இரண்டாவது, ராத்திரி டாக்டர் கிளினிக்கிலேயே இருப்பாரா என்று கேளுங்கள். "போன்ல சொல்லுவார், நீ பார்த்துக்கோ" என்று பதில் வந்தால், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேறு இடம் பாருங்கள்.