கேள்வி – பதில்: போறணையைச் சுற்றிய அயல்

சென்ற நத்தார் இதழில், ரவையும் கஜுவும் சேர்த்துச் சுடும் லவ் கேக் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்த கொழும்பு வாசகர் பலர், போர்த்துக்கேயரின் உணவு பற்றியும் அது நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த விதம் பற்றியும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கடிதங்களை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் அம்மம்மா காலத்திலிருந்து நத்தாருக்கு லவ் கேக் செய்கிறோம். அது போர்த்துக்கேயர் தந்த பலகாரம் என்று அம்மம்மா சொல்வார். போர்த்துக்கலுக்குப் போய்வந்த உறவினர் ஒருவரோ, அங்கே அப்படியொரு கேக்கைக் காணவேயில்லை என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இருவர் சொல்வதும் சரி. இந்தக் கேக் போர்த்துக்கலில் இல்லை. ஆனால் அதைச் செய்யும் முறையில் போர்த்துக்கேயரின் கை இருக்கிறது. போர்த்துக்கலின் கன்னியர் மடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவை ஆடைகளுக்குக் கஞ்சி போடவும் வைன் தெளிய வைக்கவும் பயன்படுத்தினார்கள் என்றும், மிஞ்சிய மஞ்சட்கருவைச் சீனிப் பாகில் சேர்த்துப் பலகாரம் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். இன்றும் அந்நாட்டின் புகழ்பெற்ற இனிப்புகளிற் பெரும்பாலானவை மஞ்சட்கருவும் சீனியும் கலந்தவையே. நம்முடைய லவ் கேக்கிலும் ஒரு தட்டுக்குப் பத்து மஞ்சட்கருவுக்குக் குறையாமல் போகிறது. அவர்கள் வாதுமையைச் சேர்க்கும் இடத்தில் நாம் கஜுவைச் சேர்க்கிறோம். அந்தக் கஜு மரமும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கப்பல்களில் வந்ததுதான். பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய் ஆகியவை கீழைத்தேயத்துச் சேர்மானங்கள். இந்தக் கேக்கில் சேர்க்கும், நீற்றுப்பூசணியைச் சீனியில் ஊறவைத்துச் செய்யும் புகுல் தோசியின் பெயரில் உள்ள ‘தோசி’, இனிப்பு என்று பொருள்படும் ‘தோஸ்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து சிங்களத்துக்கு வந்து, அங்கிருந்து நம் வாயிலும் புழங்குவது.

அளவு கேட்டுத் தனியாக எழுதியவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 500 கிராம், கஜு 300 கிராம், பத்து மஞ்சட்கரு, நான்கு வெள்ளைக்கரு, ஒரு கோப்பை புகுல் தோசி, இரண்டு மேசைக்கரண்டி தேன், இரண்டு மேசைக்கரண்டி பன்னீர் என்பது கணக்கு. ரவையை இளஞ்சூட்டில் வறுத்துப் பட்டரோடு பிசைந்து ஓர் இரவு வைத்தால் நன்றாக ஊறும். கஜுவை அரைக்கக் கூடாது. கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும். அரைத்தால் எண்ணெய் கக்கி, கேக் களிபோலாகிவிடும். தட்டுக்கு எண்ணெய்த்தாளை மூன்று நான்கு மடிப்பாக விரித்து, 150 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றேகால் மணி நேரம் வேகவிடுங்கள். மேற்புறம் பொன்னிறமாகி முறுக வேண்டும். நடுப்பகுதி ஈரமாகவே இருக்க வேண்டும். குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டுகிறதே என்று அஞ்சி மேலும் வேகவைப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

அந்தக் கஜுவை நறுக்குவது ஒருவர் வேலையன்று. என் தாயார் காலத்தில் மார்கழி இரண்டாம் வாரத்தில் அயல்வீட்டுப் பெண்கள் நால்வர் தத்தம் பலகையோடும் கத்தியோடும் எங்கள் விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் இருவர் சைவர்கள். இன்று எங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு தட்டு கேக், நாளை அடுத்த வீட்டில் நால்வரும் உட்கார்ந்து செய்யப்போகும் தட்டுக்கு முன்பணம் என்றே கொள்ளப்பட்டது. நத்தாருக்குப் பட்டணத்துக் கடையில் அதை நிறுத்து வாங்கும் பழக்கம் வந்தபின் அந்த நான்கு கத்திகளின் ஓசையை நான் கேட்கவில்லை. அதை எண்ணி உண்மையாகவே வருந்துகிறேன்.

கேள்வி: லம்பிரைஸ், கொக்கிஸ், புரூடர் ஆகியவையும் போர்த்துக்கேயர் உணவுதானே? – வாசகர், வத்தளை

பதில்: இல்லை. வாழையிலையிற் பொதிந்து சுடும் சோறான லம்பிரைஸ், எண்ணெயிற் பொரிக்கும் மொறுமொறுப்பான கொக்கிஸ், நொதித்த மாவிற் செய்யும் புரூடர் கேக் ஆகிய மூன்றுமே ஒல்லாந்தர் காலத்தோடு தொடர்புடையவை. கொக்கிஸ் என்ற பெயரே சிறு பலகாரத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. ரவையிற் செய்யும் ‘பொருவா’ பிஸ்கட்டும், கஜு வைத்து அடுக்கடுக்காகச் சுடும் ‘பொலு பியாது’ கேக்கும் போர்த்துக்கேய வழி வந்தவை. வெள்ளைக்காரர் எல்லாரையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. ஆயினும் உணவைப் பொறுத்தவரை உரியவருக்கு உரியதைக் கொடுப்பதே நேர்மை.

கேள்வி: என் மகள் படிப்புக்காக லிஸ்பனில் இருக்கிறாள். ஆனி மாதத்தில் அங்கே தெருவெல்லாம் மீன் சுட்டு அந்தோனியார் திருநாள் கொண்டாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். நம் கொச்சிக்கடைக் கோவில் அந்தோனியாரும் அவரும் ஒருவரா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒருவரே. பதுவை அந்தோனியார் என்று நாம் அழைக்கும் புனிதர் ஏறத்தாழ 1195 இல் லிஸ்பனில் பிறந்தவர்; 1231 இல் இத்தாலியின் பதுவை நகருக்கு அருகே இறந்தார். இறந்த ஊரின் பெயரால் உலகம் அவரை அறிந்தாலும், லிஸ்பன் மக்கள் அவரைத் தங்கள் ஊர்ப்பிள்ளை என்றே உரிமை கொண்டாடுகிறார்கள். யூன் 12 ஆம் திகதி இரவு, அல்ஃபாமா போன்ற பழைய குடியிருப்புகளில் ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் கரியடுப்பு மூட்டி, உப்புத் தூவிய சாளை மீனைச் சுடுகிறார்கள். சுட்ட மீனைப் பாண் துண்டொன்றின் மேல் வைத்துக் கையாலேயே உண்பார்கள். மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடியும்வரை அந்தப் பாண் மீனெண்ணெயை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். கடைசியில் அந்தப் பாணையே உண்பார்கள். ருசி முழுவதும் அதில்தான் என்பது உண்டவர்கள் சொல்வது.

உங்கள் மகள் இன்னொன்றையும் கவனித்திருக்கக்கூடும். அத்திருநாளில் ஆசீர்வதித்துக் கொடுக்கப்படும் சிறு பாணை மக்கள் உடனே உண்டுவிடுவதில்லை. ஆண்டு முழுவதும் வீட்டில் உணவுக்குக் குறைவு வரக்கூடாது என்று வேண்டி, அதை மாவுப் பானையிலோ உணவு அலுமாரியிலோ வைத்துக்கொள்கிறார்கள். கோவிலிலிருந்து கொண்டுவந்ததை அரிசிப் பானைக்குள் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைதோறும் எல்லாச் சமயத்தவரும் வந்து நிற்பதை நாம் அறிவோம்.

அந்நாட்டின் வழமையான விருந்துகளுள் பெரும்பாலானவை இப்படி அயலையும் உறவையும் கணக்கில் வைத்தே அமைந்தவை. நவம்பர் 11 ஆம் திகதி வரும் புனித மார்ட்டின் திருநாளில் செஸ்நட் கொட்டைகளை நெருப்பிலிட்டுச் சுட்டு, புது வைனோடு சுற்றியிருந்து உண்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் தம் ஞானத்தாய்க்குப் பூக்கொத்துக் கொடுப்பதும், அடுத்த வாரம் உயிர்ப்புத் திருநாளன்று அவர் முழு முட்டை பதித்துச் சுட்ட ‘ஃபுலார்’ என்னும் பாணைத் திருப்பிக் கொடுப்பதும் இன்னொரு வழமை. அசோரஸ் தீவுகளில் தூய ஆவியார் பெருவிழாவின்போது, மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றைப் பாண் துண்டுகளின் மேலும் புதினா இலையின் மேலும் ஊற்றி, ஊரார், வழிப்போக்கர், ஏழை என்ற வேறுபாடின்றி இலவசமாகப் பந்தி வைக்கிறார்கள். அங்கே அன்னதானம் என்ற சொல் இல்லை. பொருள் முழுமையாக இருக்கிறது.

நத்தாருக்கு முந்திய இரவுணவு இவற்றிலிருந்து வேறுபட்டது. அது குடும்பத்தாருக்கு மட்டும் உரியது. உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து உப்பெடுத்து, உருளைக்கிழங்கு, கோவா, முட்டை ஆகியவற்றோடு அவித்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி உண்பார்கள். வடபகுதியின் சில ஊர்களில் அன்றிரவு மேசையைத் துடைத்து ஒதுக்குவதில்லை. இறந்துபோன உறவினரின் ஆன்மாக்கள் வந்து உண்ணட்டும் என்று அப்படியே விட்டு வைப்பார்கள். மகள் அங்கே நத்தாரைக் கழிப்பதாயின், யாராவது தங்கள் வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: குசினி, கோப்பை, மேசை எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள் என்று ஆசிரியர் சொன்னார். அவர்கள் வருமுன் நம்மிடம் சமையலே இல்லையா? – மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: சமையல் நிறைய இருந்தது, சில பொருள்கள்தாம் புதிதாக வந்தன. 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். ஒல்லாந்தரிடம் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் இழந்து வெளியேறினார்கள். அந்த ஒன்றரை நூற்றாண்டில் பொருளோடு பெயரும் வந்தது. பாண், தாச்சி, பீப்பா, கோவா, அன்னாசி, கொய்யா முதலியவை அப்படி வந்தவையே. மிளகாயின் கதை வேறு. அதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து அவர்கள் வழியாக வந்ததாயினும், நாம் அவர்களுடைய சொல்லை வாங்காமல், காரத்தில் மிளகைப் போன்ற காய் என்று நம் சொல்லாலேயே பெயரிட்டுக்கொண்டோம்.

இச்சொற்களுள் எனக்கு மிகவும் விருப்பமானது, பாண் சுடும் இடத்தைக் குறிக்கும் போறணை. அடுப்பு வேறு, போறணை வேறு. அடுப்பு ஒரு வீட்டுக்குப் போதும். செங்கல்லால் கட்டிய பெரிய போறணையை ஒரு வீட்டுக்காக மூட்டினால் விறகு வீண். போர்த்துக்கலின் வடகிழக்கு மலைக் கிராமங்களில் ‘ஊர்ப் போறணை’ என்றே ஒன்று உண்டு. முறை வைத்து ஒவ்வொரு குடும்பமும் அங்கே தம் பாணைச் சுட்டுக்கொள்ளும். இங்கே கொழும்பிலும், நத்தாருக்கு முதல்நாள் வீட்டுக் கேக் தட்டுகளில் பெயரெழுதி, ஒழுங்கையின் முனையிலிருந்த பேக்கரிப் போறணையில் கொடுத்துச் சுட்டுவந்த நினைவு முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் வளர்ந்த மூத்தவர்கள் சிலருக்கு இருக்கும். உங்கள் பாட்டனாரையோ பாட்டியாரையோ கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நல்லூர்க் கோவிலையும் திருக்கோணேச்சரத்தையும் இடித்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுடைய உணவைப் பற்றி இவ்வளவு அன்போடு எழுதுவது உங்களுக்கு உறுத்தவில்லையா? – வாசகர், தெகிவளை

பதில்: உறுத்துகிறது. இக்கேள்வி வந்திராவிட்டால் இப்பகுதி குறையுடையதாகவே இருந்திருக்கும். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதும், அதன்பின் அவ்விரு கோவில்களையும் தரைமட்டமாக்கியதும் மறைக்கவோ மறக்கவோ கூடியவை அல்ல. கறுவாவுக்காக வந்தவர்கள் அதனோடு நிற்கவில்லை.

ஆனால் நான் அன்போடு எழுதுவது தளபதிகளின் உணவைப் பற்றியன்று. கோட்டையிலிருந்த போர்வீரர்கள் இங்குள்ள பெண்களை மணந்தார்கள். அந்த வீடுகளில் தாச்சியைப் பிடித்தவர்கள் அப்பெண்கள். கடல் கடந்து வந்த முறை ஒன்றை, இங்கே கிடைத்த பொருளைக் கொண்டும் தம் தாய்மாரிடம் கற்ற கைப்பக்குவத்தைக் கொண்டும் மாற்றியவர்களும் அவர்களே என்று கொள்வதற்கு லவ் கேக்கில் உள்ள ஏலமும் கறுவாவுமே போதிய சான்று. அவர்களுடைய வழித்தோன்றல்களான பறங்கியர் இன்றும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்கிறார்கள். தச்சும் கொல்லும் இயந்திரத் திருத்தமும் அவர்களிற் பலருடைய தொழில். அயலாரோடு தமிழ் பேசுகிறார்கள். முதியோர் சிலர் வீட்டுக்குள் இன்னும் போர்த்துக்கேயம் கலந்து பிறந்த கிரியோல் மொழியைப் பேசுகிறார்கள். கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடுகிறார்கள். 2004 ஆம் ஆண்டுச் சுனாமி மட்டக்களப்பின் டச்பார் பகுதியிலிருந்த அவர்களுடைய குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. அவர்கள் எவருடைய கோவிலையும் இடித்தவர்கள் அல்லர். நானூறு ஆண்டுகளாக நம்மோடு இருந்து நம்முடைய துன்பத்திலும் பங்குகொண்ட மக்களின் மேசையை, இடித்தவர்களின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நாங்கள் மரக்கறி மட்டும் உண்பவர்கள். எங்களுக்கேற்ற போர்த்துக்கேய உணவு ஏதாவது உண்டா? – வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: உண்டு. ‘அறோஸ் தோஸ்’ என்னும் இனிப்புச் சோற்றைச் செய்து பாருங்கள். ஐரோப்பாவில் ஆளுக்கு ஆள் அதிகமாகச் சோறு உண்பவர்கள் போர்த்துக்கேயரே. நம்முடைய புக்கையை அறிந்தவருக்கு இது கடினமானதன்று. ஒரு கோப்பை வெள்ளைப் பச்சையரிசியை, ஒரு துண்டு கறுவாப்பட்டை, தேசிக்காய்த் தோல், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றோடு இரண்டு கோப்பை நீரில் அரைவேக்காடாக அவியுங்கள். தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். பின்னர் சூடான பாலை ஒரு லீற்றர் வரை, அகப்பையால் அகப்பையாக, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். முக்கால் கோப்பை சீனியைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் அரிசி வேகாது. சிலர் மஞ்சட்கருவும் சேர்ப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

இறுகுமுன் தட்டையான பீங்கான்களில் ஊற்றி ஆறவிடுங்கள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கறுவாத்தூளை நுள்ளி எடுத்து, நாம் கோல மாவை இழுப்பதுபோல அதன்மேல் கோடும் பூவும் இழுப்பது அவர்கள் வழக்கம். மத்திய போர்த்துக்கலின் சில கிராமங்களில், கலியாணத்துக்கு முன்னர் அப்படி எழுதிய தட்டுகளை அயல்வீடுகளுக்கும் அழைக்கப்பட்டவர்களுக்கும் அனுப்புவார்கள். தட்டின்மேல் மணமக்களின் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். நல்ல இலங்கைக் கறுவாவையே இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். சோறு முற்றாக ஆறியபின் தூவுங்கள். சூட்டில் தூவினால் தூள் ஈரத்தை உறிஞ்சி, கோடு பரந்து கலைந்துவிடும்.