ஸ்டெல்வியோ கணவாயைச் சைக்கிளில் ஏறப் பெரிய வீரராக இருக்க வேண்டுமா?

கேள்வி: இத்தாலியில் இருக்கும் ஸ்டெல்வியோ கணவாய்ப் பாதையின் படத்தைப் பார்த்ததிலிருந்து அதில் சைக்கிள் ஓட்ட ஆசை. வாரம் ஒரு முறை மட்டும் ஓட்டும் என்னைப் போன்ற ஆளால் அந்த 48 வளைவுகளை ஏற முடியுமா? மின்சார சைக்கிள் எடுத்துக்கொள்வது நல்லதா?

முடியும். ஆனால் இதைச் சொல்கிற நானே முதல் தடவை பாதியில் திரும்பி வந்தவன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மியூனிக்கில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுவேன், அவ்வளவுதான். 2018 ஜூலையில் போய் 22ஆம் வளைவில் தோற்றேன். 2019 செப்டம்பரில் மேலே போய்ச் சேர்ந்தேன். இடைப்பட்ட காலத்தில் என் கால்கள் ஒன்றும் இரும்பாகிவிடவில்லை. எடை ஒரு கிலோ கூடியிருந்தது.

முதலில் கணக்கு. கணவாயின் உயரம் 2,757 மீட்டர். ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்களில் பிரான்ஸின் இசெரானுக்கு அடுத்தது இதுதான். நீங்கள் பார்த்த படம் பிராட் என்ற ஊரிலிருந்து ஏறும் பக்கம். அங்கிருந்து 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 1,800 மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரியாக நூறு மீட்டர் முன்னே போனால் ஏழரை மீட்டர் மேலே போகிறீர்கள். மறுபக்கம் போர்மியோவிலிருந்து ஏறினால் இருபத்தொன்றரை கிலோமீட்டர்தான், கொஞ்சம் எளிது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்த 48 வளைவுகளை விட்டுவிட மனசு வராது.

எல்லோரும் பயப்படுவது அந்த வளைவுகளைப் பார்த்துத்தான். நானும் அப்படித்தான் போனேன். உண்மையில் உங்களை மேலே ஏற்றிவிடுவதே அவைதான். 1820க்கும் 1825க்கும் இடையில் ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் போட்ட பாதை இது. நெப்போலியன் போன பிறகு வட இத்தாலியின் லொம்பார்டி ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. அதைப் பேரரசின் மற்றப் பகுதியோடு இணைக்க ஒரு சாலை வேண்டியிருந்தது. அதில் போக வேண்டியவை குதிரை வண்டிகள். சுமை இழுக்கும் குதிரைக்குச் செங்குத்து ஆகாது. அதனால் நேரே ஏற்றாமல் மலையின் முகத்தில் இங்கும் அங்குமாக மடித்து மடித்துப் போட்டார்கள். குதிரைக்குப் போட்ட கணக்கு இருநூறு வருடம் கழித்து நமக்குச் சரியாக இருக்கிறது.

சரி, பாதைக்கு வருவோம். மெரானிலிருந்து மால்ஸ் போகும் சின்ன ரயிலில் ஸ்போன்டினிக்கில் இறங்கினால் பிராட் பக்கம்தான். பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் தோட்டம். இத்தாலிக்குள் இருந்தாலும் பேச்சு ஜெர்மன், பெயர்ப் பலகையெல்லாம் இரண்டு மொழியில். லொம்பார்டி ஆஸ்திரியாவின் கையை விட்டுப் போன பிறகு, முதல் உலகப் போர் முடியும்வரை இந்தப் பக்கம் ஆஸ்திரியா, கணவாய்தான் எல்லை. போரின்போது இந்த உயரத்தில், பனியில், இரு தரப்புப் படைகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

பிராடிலிருந்து முதல் பத்து கிலோமீட்டர், ட்ராஃபோய் என்ற கிராமம் வரை, ஓடையை ஒட்டிய பாதை. வளைவுகளே அதிகம் இல்லை. ட்ராஃபோய்க்கு முன்னால் வரும் கோமகோய் என்ற ஊரைத் தாண்டியதும்தான் 48 என்ற எண் வருகிறது. எண்கள் இறங்குமுகமாகப் போகும், உச்சியில் 1. நம் மலைப்பாதைகளில் 'கொண்டை ஊசி வளைவு' என்று எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்களே, அதே மாதிரிதான்.

நான் மாட்டிக்கொண்டது இந்தப் பத்து கிலோமீட்டரில்தான். கஷ்டமாக இருந்து அல்ல, சுலபமாக இருந்து. "இவ்வளவுதானா ஸ்டெல்வியோ?" என்று முதல் தடவை மிதித்துத் தள்ளினேன். ட்ராஃபோயில் நிற்கக்கூட இல்லை. அதற்கு மேல் ஊசியிலைக் காட்டுக்குள் நுழைகிறது பாதை. படங்களில் இந்தக் காடு வருவதே இல்லை, பார்க்க ஒன்றும் இல்லாததால். ஆனால் மொத்த ஏற்றத்தில் மோசமான பகுதி இதுதான். ட்ராஃபோய் சுமார் 1,540 மீட்டர், காடு முடிந்து ஃப்ரான்ஸென்ஸ்ஹோஹே விடுதி வரும் இடம் 2,190 மீட்டர் அளவில், இடையில் ஏழு கிலோமீட்டர்தான். அப்படியென்றால் நூறுக்கு ஒன்பது. விடுதிக்கு மேலே, எல்லோரும் படம் எடுக்கிற அந்தச் சுவர், இதைவிடக் கொஞ்சம் சாய்வு குறைந்தது. இந்த விஷயம் தெரியாமல் காட்டிலேயே எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். 22ஆம் வளைவை ஒட்டிய விடுதிக்கு வந்தபோது இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, உருண்டை போட்ட சூப் ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். மீதமுள்ள வளைவுகள் அத்தனையும் ஒன்றன் மேல் ஒன்றாக, யாரோ நாடாவை மடித்துத் தொங்கவிட்ட மாதிரி. அதில் எறும்பு மாதிரி ஆட்கள். பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இரண்டாவது தடவை செய்தது ஒன்றே ஒன்று. பேச முடிகிற வேகம். வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் சொல்ல முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துவிடுவது. தனியாகப் போனவன் யாரோடு பேசுவது? வளைவு எண்ணைத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். "நாற்பத்தொன்று" என்று திணறாமல் வந்தால் சரி. மணிக்கு எட்டு கிலோமீட்டர். நடந்து போகிறவர் கொஞ்சம் ஓடினால் பிடித்துவிடுவார். பிடிக்கட்டுமே.

இந்த வேகத்துக்குக் கியர் வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முன்னால் பெடலோடு இருக்கும் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது குறைந்தது 32 பல், 34 கிடைத்தால் இன்னும் நல்லது. முன்னும் பின்னும் 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரமும் ஒரே சுற்றுதான். வாடகைக்கு எடுக்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேட்டு, நீங்களே பல்லை எண்ணிப் பாருங்கள். என் முதல் பயணத்தில் பின்னால் 28 பல்தான் இருந்தது, மெதுவாகப் போக நினைத்தாலும் வண்டி விடாது.

வளைவுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் கிட்டத்தட்ட சமதளம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். அதனால் இடப்பக்கம் திரும்பும் வளைவில் நீங்கள் வெளி ஓரத்தில் இருப்பீர்கள். அகலமாக, நிதானமாக, ஐந்தாறு மிதிக்குக் கால் ஓய்வெடுக்கும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரத்தில் மாட்டுவீர்கள், அங்கே எழுந்து நின்று மிதிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று ஓய்வு. நான் 22லிருந்து மேலே போனது முழுக்க இந்தக் கணக்கில்தான். அடுத்த ஓய்வு எங்கே என்பது கண்ணுக்கு எதிரிலேயே தெரிகிறதே, காட்டில் அது தெரியாது. இடது கைப் பக்கம் ஓர்ட்லர் சிகரம், 3,905 மீட்டர், பனியாறு தொங்கிக்கொண்டு நிற்கும். பார்க்கவாவது நில்லுங்கள். நிற்பது தோல்வி இல்லை. நான் ஐந்து இடத்தில் நின்றேன்.

2,500 மீட்டருக்கு மேல் மூச்சு வேறு மாதிரி வாங்கும். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவு. கால் சரியாக இருக்கும், நெஞ்சு மட்டும் படபடக்கும். பயப்பட வேண்டாம், இன்னும் மெதுவாகப் போங்கள்.

சாப்பாடு. வண்டியோடு சேர்த்து 80 கிலோ என்று வைத்தால், அதை 1,840 மீட்டர் தூக்குவதற்கே சுமார் 350 கிலோகலோரி வேலை. நம் உடம்பு எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் மிதியாக மாறும். ஆக 1,400, 1,500 கிலோகலோரி போகும். காலையில் ஒரு காபியோடு கிளம்புவது தற்கொலை. பசிக்கும் முன்பே, அரை மணிக்கு ஒரு தடவை, வாழைப்பழமோ பேரீச்சையோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ட்ராஃபோயில் பாட்டிலை நிரப்பிவிடுங்கள்.

இந்தப் பாதைக்குச் சைக்கிள் உலகத்தில் இருக்கிற மரியாதை 1953இல் வந்தது. இத்தாலியைச் சுற்றும் பல நாள் சைக்கிள் பந்தயமான ஜீரோ டி இத்தாலியா அந்த வருடம்தான் முதல் முறையாக இங்கே ஏறியது. முன்னணியில் இருந்தவர் சுவிட்சர்லாந்தின் ஹூகோ கோப்ளெட். பந்தயம் முடிய ஒரு நாள் மிச்சம். இந்த ஏற்றத்தில் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி அவரை விட்டு விலகிப் போய், தன் ஐந்தாவது ஜீரோ பட்டத்தை எடுத்துக்கொண்டார். 1965 முதல் அந்தப் பந்தயத்தின் மிக உயரமான இடத்துக்குக் கோப்பியின் பெயர்தான். இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால் 14ஆம் வளைவில் கொஞ்சம் உதவும். ரொம்ப இல்லை.

நிற்பதையும் சேர்த்து மூன்றே முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். உச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அது சந்தைக்கடை. விடுதிகள், சட்டை விற்கும் கடைகள், வறுத்த சாசேஜ் வாசம், ஒரே மோட்டார் சைக்கிள் இரைச்சல். அமைதியான சிகரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து வந்த வழியைப் பாருங்கள், அது போதும்.

இறக்கம்தான் உண்மையான ஆபத்து. கீழே 22 டிகிரி இருந்தால் மேலே 10 டிகிரி, இறங்கும்போது அடிக்கும் காற்றில் அதுவும் இல்லை. ஏறும்போது நனைந்த பனியன் முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டும். அன்று என் காற்றுத் தடுப்புச் சட்டை மெல்லியது. நடுங்குவதைப் பார்த்த ஒரு பெரியவர் தன் பையிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்து, இரண்டாக மடித்து, என் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பி காலத்து வீரர்கள் செய்த வேலை இது. நம்ப மாட்டீர்கள், ஒரு பாட்டில் வெந்நீரைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. முழுவிரல் கையுறை கட்டாயம், விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள், சூடேறிவிடும். வளைவுக்கு முன்னால் நேர்ப் பாதையில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும், பள்ளத்தில் அல்ல.

வந்த வழியே இறங்குவதைவிட எனக்குப் பிடித்தது சுற்றுப்பாதை. போர்மியோ பக்கம் மூன்று கிலோமீட்டர் இறங்கினால் வலப்பக்கம் உம்ப்ரைல் கணவாய், அதோடு சுவிட்சர்லாந்து. அந்தப் பாதை முழுக்கத் தார் போட்டதே 2015இல்தான். கூட்டம் கிடையாது. சாந்தா மரியா வரை இறங்கி, முஸ்டைர் மடத்தைத் தாண்டி, மதில் சூழ்ந்த குட்டி ஊரான குளூர்ன்ஸில் ஒரு காபி குடித்துவிட்டுப் பிராடுக்கு வந்துவிடலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதனால் ஒன்றிய சிம்மில் அந்த நாடு சேராதவர்கள் அங்கே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், பில் அந்த மலையைவிட உயரமாக வரும்.

எப்போது போவது? பாதை ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், மற்ற மாதங்கள் பனி. சனி ஞாயிறு வேண்டாம். ஆறரைக்குக் கிளம்பினால் மோட்டார் சைக்கிள் கூட்டம் வருவதற்குள் காட்டைத் தாண்டிவிடலாம். வருடத்தில் ஒரு நாள், கோடைக் கடைசியில், சைக்கிளுக்கு மட்டும் என்று பாதையை மூடிவிடுகிறார்கள். தேதி ஒத்துவந்தால் அதைப் பிடியுங்கள்.

கடைசியாக மின்சார சைக்கிள். எடுங்கள், யார் என்ன சொன்னால் என்ன. ஆனால் ஒரு கணக்கு. வண்டி 25 கிலோ, நீங்கள் 70 என்றால், அந்த எடையை மேலே தூக்கவே 475 வாட் மணி வேண்டும். வாடகை வண்டிகளில் சாதாரணமாக வரும் 500 வாட் மணி பேட்டரியை, எல்லாவற்றையும் மோட்டாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச உதவியில் வைத்தால், மோட்டாரில் வீணாகும் சக்தியும் சேர்ந்து மேலே போகும் முன்பே தீர்ந்துவிடும். ட்ராஃபோய் வரை குறைந்த உதவியில் மிதியுங்கள், காட்டில் கூட்டிக்கொள்ளுங்கள். அன்று ஐந்தாம் வளைவில் ஒருவர் தீர்ந்துபோன பேட்டரியோடு அந்த 25 கிலோவைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த மலையில் நான் முந்திச் சென்ற ஒரே ஆள் அவர்தான்.