கோப்புகளின் உள்ளடக்கத்தைக் கட்டளை வரியிலிருந்தே வேகமாகத் தேடுவது எப்படி?

ஆயிரக்கணக்கான பிடிஎஃப், வேர்டு கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேட, கோப்புகளில் சொற்களைத் தேடும் கட்டளையான கிரெப் (grep) ஏன் பயன்படவில்லை, லினக்ஸில் வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கிரெப் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் புதிதாகப் படிக்கிறது. போதாக்குறைக்கு, பிடிஎஃப்பில் எழுத்துகள் பெரும்பாலும் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுவதால், அவை அதன் கண்ணில் படுவதேயில்லை.

சேபியன் (Xapian) என்ற தேடல் நிரல் நூலகத்தின் மீது கட்டப்பட்ட ரீகால் (Recoll) என்ற தேடல் நிரலை நான் பரிந்துரைப்பேன். அதன் ‘ரீகால்இன்டெக்ஸ்’ (recollindex) கட்டளை, ஒவ்வொரு கோப்பிலிருந்தும் உரையைப் பிரித்தெடுத்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் வருகிறது என்ற சொல்லடைவை ஒருமுறை உருவாக்கிவிடும். அடுத்தடுத்த ஓட்டங்களில் மாறிய கோப்புகளை மட்டுமே தொடும் என்பதால், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் (cron) மூலம் இரவில் ஓடவிட்டால் போதும். தேடுவதற்கு ‘ரீகால்க்யூ’ (recollq) என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

முதல் ஓட்டத்துக்கு முன்பே ரீகாலின் அமைப்புக் கோப்பில், எந்தக் கோப்புறைகளைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் ‘டாப்டிர்ஸ்’ (topdirs) வரியைத் திருத்திவிடுங்கள். அதை விட்டுவிட்டால் உங்கள் முகப்புக் கோப்புறை முழுவதும் சொல்லடைவில் ஏறி, வட்டில் இடத்தை வீணாக அடைக்கும்.

தேடல் முடிவில் பிடிஎஃப்கள் மட்டும் வரவில்லையென்றால், பெரும்பாலும் உரையைப் பிரித்தெடுக்க உதவும் ‘பிடிஎஃப்டுடெக்ஸ்ட்’ (pdftotext) போன்ற துணைநிரல் நிறுவப்படாததே காரணம். விடுபட்ட துணைநிரல்களின் பட்டியலை அமைப்புக் கோப்புறையிலுள்ள ‘மிஸ்ஸிங்’ (missing) என்ற கோப்பில் காணலாம். ஸ்கேன் செய்த பக்கங்களோ வெறும் படங்கள். படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரியை (OCR) கொண்டு உரையாக மாற்றாதவரை எந்தச் சொல்லடைவிலும் அவற்றின் சொற்கள் ஏறமாட்டா.